தொட்டியில் வளரும் சிறு மீன்களைப் படம் பிடித்தல்: முழுமையான வழிகாட்டி

ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு வாசலில் இருக்கும் செங்கோட்டை, புளியரை வட்டாரத்தில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடம், எந்த ஊரிலும் கிடைக்கும் கப்பி, நியான் டெட்ரா ஆகியவற்றோடு மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் வாழும் சில சிறு மீன்களையும் பார்க்கலாம். புனலூர், கொல்லம் பக்கத்துக் கடைகளிலிருந்து ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் ரயிலேறி வரும் குட்டிப் பேத்தை, மிஸ் கேரளா என்ற பெயரில் அறியப்படும் சிவப்புக் கோட்டுக் கெண்டை, தலையுச்சியில் வெள்ளிப் பொட்டோடு வயல் வாய்க்காலின் மேல்மட்டத்தில் திரியும் மானத்துக்கண்ணி ஆகியவை அவற்றுள் சில. கண்ணுக்கு இவ்வளவு அழகாகத் தெரியும் மீன் படத்தில் மங்கிய கறையாக விழுகிறதே என்பதுதான் அவர்களில் பலருடைய குறை. புதிய கேமரா வாங்கினால் இக்குறை தீர்ந்துவிடும் என்று நினைப்பது வீண் செலவுக்கே வழி வகுக்கும். சிறு மீனின் படத்தைத் தீர்மானிப்பது முதலாவதாக மீனுக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருக்கும் நீரின் கனம், இரண்டாவதாக ஒளி வரும் திசை. கேமரா மூன்றாவது இடத்தில்தான் வருகிறது. ஆகவே இவ்வழிகாட்டியின் பெரும்பகுதி தொட்டியைப் பற்றியும் விளக்கைப் பற்றியுமே பேசும்.

கேமராவும் லென்ஸும்

லென்ஸ் கழற்றி மாற்றக்கூடிய எந்த டிஜிட்டல் கேமராவும் இதற்குப் போதும். பத்து ஆண்டுகளுக்கு முன் வந்த 16 அல்லது 24 மெகாபிக்சல் கேமராவும் சற்றும் குறைந்ததல்ல. 60 முதல் 100 மி.மீ. வரையிலான மேக்ரோ (மிக அருகில் எடுக்கும்) லென்ஸ் இருந்தால் வேலை எளிதாகும். அது இல்லாதவர்கள் கேமராவோடு வந்த 18-55 லென்ஸை 55 மி.மீ.யில் வைத்து, அது அனுமதிக்கும் அளவுக்கு நெருங்கிச் சென்றாலே, ஏறத்தாழ 7 அல்லது 8 செ.மீ. அகலமுள்ள பரப்பு சட்டகத்தை நிரப்பும். அதில் மூன்று செ.மீ. மீன் ஐந்தில் இரண்டு பங்கு இடத்தைப் பிடித்துவிடும். மீதியைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அதற்கும் நெருங்க விரும்புவோர் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்றை வாங்கலாம். அதற்குள் கண்ணாடி எதுவும் இல்லாததால் மலிவானதுகூடப் படத்தின் தெளிவைக் கெடுப்பதில்லை.

மீனைச் சட்டகம் முழுவதும் நிரப்பியே தீர வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. முழுச் சட்டக சென்சாரில் (36 மி.மீ. அகலமுள்ள பட உணரியில்) மீனை அதன் உண்மை அளவிலேயே பதிவு செய்யும்போது, லென்ஸின் ஒளித்துளையை, அதாவது அபெர்ச்சரை, எஃப்/11 என்று சிறிதாக்கினாலும்கூடத் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1.3 மி.மீ. மட்டுமே, கண் தெளிந்தால் பக்கத் துடுப்பு மங்கிவிடும். பாதி அளவில் பதிவு செய்தால் அதே ஆழம் 4 மி.மீ.க்கு உயர்கிறது, சிறு மீனின் உடற்கனம் முழுவதும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது. 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம் உடையது. பாதி அளவில் எடுத்த படத்தில் 25 மி.மீ. நீளமுள்ள மீனுக்கு ஏறக்குறைய 2000 பிக்சல் கிடைக்கும். புத்தகத்தில் அச்சிடவும் அது போதுமானது. அபெர்ச்சரை எஃப்/16க்கு மேல் குறுக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதுமே மென்மையாகிவிடும் என்பதால் அந்த வழியில் ஆழம் தேடுவதில் பயனில்லை.

படத்துக்கென ஒரு சிறு தொட்டி

மூன்றடித் தொட்டியில் ஓடியாடும் மீனைத் துரத்திப் படமெடுப்பது நேர விரயம். மீன் கண்ணாடியிலிருந்து ஓரடி தள்ளி நிற்கும்போது நடுவில் இருக்கும் நீரில் மிதக்கும் ஒவ்வொரு துகளும் ஒளியைச் சிதறடிக்கிறது. நீரின் இலேசான மஞ்சள் நிறமும் மீனின் மேல் படிகிறது. மீன் நான்கு விரற்கடைக்குள் இருந்தால் இந்த இரண்டும் ஏறக்குறைய மறைந்துவிடும். இதற்காகத் தனியாக ஒரு தொட்டி செய்து வைத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் போடும் முதலீடுகளிலேயே மிகவும் பயனுள்ளது என்பது என் தீர்மானமான கருத்து.

25 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம் போதும், விளிம்புவரை நிரப்பினால் நாலரை லிட்டர் பிடிக்கும். படத்துக்குச் சட்டம் போடும் கண்ணாடிக் கடையிலேயே 4 மி.மீ. கண்ணாடியில் துண்டுகளை வெட்டித் தருவார்கள். வாங்குமுன் முன்பக்கத் துண்டை மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, கீறலும் அலையும் இல்லாததாகத் தேர்ந்தெடுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சாதாரண சிலிக்கானால் ஒட்டி, காடி வாடை முழுவதும் நீங்கும் வரை உலரவிட வேண்டும். தொட்டியின் உள்நீளத்தைவிட அரை செ.மீ. குறைவாக இன்னொரு கண்ணாடித் துண்டும் வெட்டிக்கொள்ளுங்கள். அதன் விளிம்புகளைத் தேய்த்து மழுக்கிவிட்டு, முன்கண்ணாடிக்கு இணையாக உள்ளே நிறுத்தினால், மீன் உலவும் இடத்தை நான்கு அல்லது ஐந்து செ.மீ. ஆழத்துக்குள் அடக்கிவிடலாம். மீன் திரும்ப இடம் இருக்க வேண்டும்; அதன் நீளத்தைவிடக் குறுகலாக ஒருபோதும் அடைக்கக் கூடாது.

அடியில் இரண்டு செ.மீ. கருமணலோ அடர்நிற ஆற்று மணலோ பரப்பலாம். வெண்கற்களின் மேல் நிற்கும் மீன் தன் நிறத்தை வெளிறச் செய்துகொள்ளும். இருண்ட தரையில் அதே மீன் சில நாழிகையில் நிறம் கூடி நிற்கும். செடிகளை நடுத்தடுப்புக்குப் பின்னால் வையுங்கள். பின்னணிக்கான கறுப்பு அல்லது கரும்பச்சை அட்டையைத் தொட்டியின் முதுகில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினால், அட்டையின் சுருக்கமும் தூசியும் படத்தில் தெரியாது.

நீரும் கண்ணாடியும்

படமெடுக்கும் நாளுக்கு முந்தைய மாலையிலேயே சிறு தொட்டியை நிரப்பி வைக்க வேண்டும். புதிதாகப் பிடித்த நீரில் கரைந்திருக்கும் காற்று, பல மணி நேரம் வரை நுண்குமிழிகளாகக் கண்ணாடியிலும் செடியிலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாதி நீரை மீன் வாழும் பழைய தொட்டியிலிருந்தே எடுத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றினால் மீனுக்கு அதிர்ச்சி குறையும். குழாய் நீராக இருந்தால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கட்டாயம். மலையடிவாரக் கிணற்று நீர் பெரும்பாலும் மென்மையானது. அது கண்ணாடியில் கறை விடுவதில்லை. போர்வெல் நீர் ஊற்றும் வீடுகளில் நீர்மட்டத்தின் ஓரத்தில் படியும் வெள்ளைப் படலத்தை, தொட்டி காலியாக இருக்கும்போது வினிகரால் துடைத்து நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

பாதாம் இலைச் சருகு ஊறிய பழுப்பு நீர் மீனுக்கு இதமானது, ஆனால் படத்துக்கு ஆகாது. அந்த நிறத்தைக் கணினியில் நீக்கும்போது நீலமும் சேர்ந்து சிதையும். சிறு தொட்டிக்குத் தெளிந்த நீரே வேண்டும். முன்கண்ணாடியின் உட்புறத்தை முந்தைய நாளும், வெளிப்புறத்தைப் படமெடுக்கும் முன்பும், பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைப்பது வழக்கமாக இருக்கட்டும். சோப்பும் கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது.

மீனை மாற்றுதல்

கடையிலிருந்து வந்த மீனை அன்றே படமெடுக்க முயல வேண்டாம். இரண்டு, மூன்று வாரம் வீட்டுத் தொட்டியில் தின்று தேறிய பிறகுதான் அதன் உண்மையான நிறம் வெளிப்படும். படமெடுக்கும் நாளன்று காலையில் உணவு கொடுக்காமல் இருங்கள். உப்பிய வயிறும், பின்னால் தொங்கும் எச்சமும் எத்தனையோ நல்ல படங்களைக் கெடுத்திருக்கின்றன.

வலையைவிடக் கண்ணாடிக் குவளையால் நீரோடு சேர்த்து முகந்து மாற்றுவதே நல்லது. செதிலும் துடுப்பும் கிழியாது என்பது ஒரு காரணம். பேத்தைக்கு இன்னொரு காரணமும் உண்டு: நீரை விட்டு வெளியே எடுத்தால் அது பயத்தில் காற்றை விழுங்கி உப்பிக்கொள்ளும், அந்தக் காற்றை வெளியேற்ற அது படும் பாடு உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு தொட்டிகளின் நீரும் தொட்டுப் பார்த்தால் ஒரே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். மாற்றிய பின் அரை மணி நேரமாவது அறையை விட்டு வெளியே இருங்கள். துடுப்பை மடக்கி, நிறம் வெளிறி, மூலையில் ஒடுங்கி நிற்கும் மீனை எடுத்த படம் மீன் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மணி நேரமாகியும் தேறாத மீனைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிடுவதுதான் முறை.

ஒளி

தொட்டிப் படங்களில் பெரும்பாலானவை கெடுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். மூன்று செ.மீ. மீன் ஒன்று நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் மெதுவாக நீந்துவதாக வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/100 நொடி திறந்திருந்தால் அதற்குள் அது ஒரு மி.மீ. நகர்ந்துவிடும், முன்பு சொன்ன 6000 பிக்சல் படத்தில், பாதி அளவில் எடுக்கும்போது, அது 80 பிக்சலுக்கும் மேற்பட்ட மங்கல். 1/1000 நொடியில்கூட எட்டு பிக்சல் கலங்கும். தொட்டியின் மேல் இருக்கும் சாதாரண எல்இடி விளக்கை நம்பி 1/1000 நொடி வைத்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர் அளவை, மிக உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். அதோடு, நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குகின்றன; வேகமான ஷட்டரில் அந்த மினுக்கம் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகளாக விழும்.

பிளாஷ் இந்த எல்லாவற்றையும் ஒரே அடியில் தீர்க்கிறது. கேமராவின் உச்சியில் மாட்டும் பிளாஷ், முழுச் சக்தியில் எரிந்தால் சில நூறில் ஒரு பங்கு நொடி வரை நீடிக்கக்கூடும். சக்தியை 1/8 அல்லது 1/16க்குக் குறைத்தால் அந்த நேரம் பல ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மீனை உறைய வைப்பது ஷட்டர் அல்ல, இந்தக் குறுகிய ஒளிவெட்டே. ஆனால் கேமராவின் தலையிலேயே வைத்து நேராக அடித்தால் ஒளி கண்ணாடியில் பட்டு லென்ஸுக்கே திரும்பி வந்து, மீன் இருந்த இடத்தில் வெள்ளைப் பொட்டை மட்டும் விட்டுவைக்கும். பிளாஷைக் கேமராவிலிருந்து பிரித்து, கம்பியின்றி அதை இயக்கும் ரேடியோ டிரிகரோ கம்பியோ இணைத்து, தொட்டியின் மேலே கொண்டுபோக வேண்டும்.

அதை வைக்கும் முறை இதுதான். தொட்டியை ஒரு கண்ணாடி மூடியால் மூடுங்கள். மூடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிளாஷை ஸ்டாண்டிலோ அலமாரிச் சட்டத்திலோ கயிற்றால் இறுகக் கட்டி, முகத்தைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். கையால் ஆட்டிப் பார்த்து அசையாது என்று உறுதியான பிறகே மீனை விட வேண்டும். மூடியின் மேல் டிரேசிங் பேப்பரோ மெல்லிய வெள்ளைத் தாளோ விரித்தால் ஒளி பரவி விழும். பளபளக்கும் செதில் ஒவ்வொன்றும் விளக்கைப் பிரதிபலிக்கும் சிறு ஆடி என்பதால், விளக்கு பெரிதாகப் பரவினால்தான் செதில் வெறும் வெண்மையாகிவிடாமல் தன் நிறத்தைக் காட்டும். ஒளியை மீனுக்கு நேர் மேலிருந்து விடாமல் கேமராவின் பக்கமாக ஓரிரு அங்குலம் முன்னுக்குக் கொண்டுவந்தால் வயிற்றின் நிழல் குறையும். அப்போதும் வயிறு இருண்டு தெரிந்தால், கேமராவின் பார்வைக்குப் படாதபடி முன்கண்ணாடியின் அடியோரத்தில் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைக்கலாம்.

நியான் டெட்ராவின் நீலக் கோட்டில் நீலச் சாயம் எதுவும் இல்லை. தோலின் உள்ளே அடுக்கி வைத்தது போல இருக்கும் நுண்படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும்போது உண்டாகும் நிறம் அது. ஆகவே ஒளி வரும் கோணத்தைச் சற்று மாற்றினாலே நீலம் பச்சையாகவோ, முற்றிலும் மங்கலாகவோ ஆகிவிடும். இத்தகைய மீன்களுக்கு பிளாஷின் இடத்தை விரலளவு நகர்த்தி நகர்த்திச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை. இரவு முழுவதும் இருட்டில் இருந்த நியான் காலையில் வெளிறித்தான் இருக்கும். விளக்குப் போட்டு அரை மணி கழித்து எடுங்கள். முழு இருட்டில் பிளாஷ் அடித்தால் மீன் திடுக்கிட்டுக் கண்ணாடியில் மோதும் என்பதால், தொட்டியின் மேல் சிறு விளக்கு ஒன்று எப்போதும் எரியட்டும்.

பிளாஷ் வாங்க மனமில்லாதவர்கள் காலை ஏழு மணி முதல் எட்டரை வரை, வெயில் சாய்வாக விழும் முற்றத்தில் சிறு தொட்டியை வைத்து எடுக்கலாம். துடுப்பினூடே ஒளி ஊடுருவும் அந்த நேரத்துப் படங்களுக்குத் தனி அழகு உண்டு. ஆனால் நாலு லிட்டர் நீர் வெயிலில் வெகு விரைவில் சூடாகிவிடும் என்பதை மறக்கலாகாது. ஆனி, ஆடிச் சாரல் நாள்களில் சன்னல் வெளிச்சம் மென்மையாக இருந்தாலும் வேகமான மீனுக்குப் போதாது. அசையாமல் நிற்கும் பேத்தைக்கு வேண்டுமானால் உதவும்.

பிரதிபலிப்பும் கோணமும்

அறை விளக்குகளை அணைத்து, சன்னலை மூடி, கறுப்புச் சட்டையும் கைலியும் உடுத்திக்கொண்டு உட்காருவது சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தால் மீனோடு சேர்த்து உங்கள் வேட்டியும் படத்தில் வந்துவிடும். கறுப்பு சார்ட் அட்டையில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு லென்ஸில் மாட்டிவிட்டால், கேமராவும் கையும் கண்ணாடியில் தெரிவது நின்றுவிடும்.

கேமரா மீனின் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாக நோக்க வேண்டும். இந்த இரண்டில் பின்னது மிக முக்கியம். நீர், கண்ணாடி, காற்று என மூன்றையும் கடந்து வரும் ஒளி சாய்வாக வந்தால் ஒவ்வொரு எல்லையிலும் வளைந்து, நிறங்கள் பிரிந்து, மீனின் விளிம்பில் நீலமும் சிவப்புமாகக் கசியும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் இதைத் திருத்த முடியாது.

அமைப்புகளும் ஃபோகஸும்

கேமராவை மேனுவல் முறையில் வைத்து, ஷட்டர் 1/160 அல்லது 1/200 நொடி, அபெர்ச்சர் எஃப்/11, ஐஎஸ்ஓ 200 முதல் 400 வரை, பிளாஷ் 1/8 சக்தி என்று தொடங்குங்கள். மீன் வருமுன் ஒரு வண்ணக் கூழாங்கல்லை அதே இடத்தில் வைத்து எடுத்துப் பார்த்து பிளாஷின் சக்தியைக் கூட்டிக் குறைக்கலாம். வெள்ளி நிற மீனாக இருந்தால் படம் சற்று இருண்டே இருக்கட்டும். வெண்மையாக வெடித்துப்போன செதிலைப் பிறகு மீட்க வழியில்லை. கோப்பு வகை, கேமரா பதித்ததை அப்படியே சேமிக்கும் ரா (RAW) ஆக இருக்க வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக் துண்டு ஒன்றை மீன் நிற்கும் இடத்தில் நீருக்குள் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிறச் சமநிலையை) அதிலிருந்து சரிசெய்துகொள்ளலாம்.

கண்ணில் தெளிவு இல்லாத மீன் படம் வீண். ஆட்டோஃபோகஸ் முன்கண்ணாடியிலும் துகளிலும் தடுமாறும்போது, லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, வேண்டிய அளவில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, உடலை மட்டும் முன்னும் பின்னும் இலேசாக அசைத்து, கண் கூர்மையாகும் நொடியில் அழுத்துங்கள். டிரைபாட் இதற்குத் தடையாகவே இருக்கும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்வதே போதுமானது. படமெடுக்கும்போது பில்டரையும் ஏர் பம்பையும் நிறுத்திவிட்டால் நீரோட்டமும் குமிழியும் அடங்கும். முடிந்ததும் மறக்காமல் மீண்டும் போட வேண்டும். மீன் முழுப் பக்கவாட்டில் நின்று, எல்லாத் துடுப்புகளும் விரிந்திருப்பதுதான் இனத்தை அடையாளம் காட்டும் படம். முகத்தைச் சற்றே நம் பக்கம் திருப்பியிருப்பது உயிரோட்டமுள்ள படம்.

மீனுக்கு மீன் மாறும் நுணுக்கங்கள்

குட்டிப் பேத்தையில் தொடங்குவதே நல்லது. திருவிதாங்கூரின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய இம்மீன் 1941ஆம் ஆண்டு ஹோரா, நாயர் ஆகியோரால் விவரிக்கப்பட்டது; செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. இரண்டரை, மூன்று செ.மீ.க்கு மேல் பெரும்பாலும் வளராத இம்மீன் ஒரே இடத்தில் நின்று, இரண்டு கண்களையும் தனித்தனியே உருட்டி, நம்மையே பார்க்கும். சிறு நத்தை ஒன்றைக் கூழாங்கல்லின் மேல் வைத்து, அந்தக் கல்லுக்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால், மீன் தானாக அங்கே வந்து நிற்கும்.

மானத்துக்கண்ணிக்கு மூடி அவசியம், அது துள்ளி வெளியே விழும். மேல்மட்ட மீன் என்பதால் கேமராவை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்குங்கள். கீழிருந்து சாய்வாகப் பார்க்கும்போது நீரின் மேற்பரப்பு ஆடியாக மாறி, மீனின் முதுகைத் தலைகீழாகக் காட்டும். இதற்காகவே மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் இல்லாதபடி ஒரு தாளைப் பரப்பி எடுத்துவிட வேண்டும். மிஸ் கேரளா கூட்டமாக வாழும் மீன், தனியாகப் பிரித்தால் மிரளும்; அதைப் பெரிய தொட்டியிலேயே, முன்கண்ணாடியை ஒட்டி உணவு விழச் செய்து எடுப்பதே சரி. ஃபைட்டர் மீனுக்குச் சிறு முகக்கண்ணாடி காட்டினால் துடுப்பை விரிக்கும். ஓரிரு நிமிடத்துக்கு மேல் அந்த விளையாட்டு வேண்டாம்.

கணினியிலும் அதன் பிறகும்

வெட்டுதல், ஒயிட் பேலன்ஸ், மிதக்கும் துகள்களை நீக்குதல், அளவான கூர்மையேற்றம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறச்செறிவை ஏற்றினால் முதலில் பொய்யாவது சிவப்புதான். மீனையும் திரையையும் அருகருகே பார்த்துச் சரிசெய்தால் அந்த ஆசை எழாது.

படத்துக்காக ஆற்று மீனைத் தேடிப் போவோருக்கு ஒரு சொல். தென்மலைப் பக்கம் செந்துருணி, நம் பக்கம் களக்காடு முண்டந்துறை போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளுக்குள் அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றம். அதேபோல, படமெடுத்து முடித்த கப்பியையோ சக்கர் மீனையோ வாய்க்காலில் விடுவதும் கூடாது. இங்குள்ள சிறு மீன்களின் இடத்தை அவை பிடித்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததும் மீனைக் குவளையில் முகந்து பழைய தொட்டிக்குக் கொண்டுபோய், சிறு தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். சாரல் காலத்தின் ஈரம் லென்ஸின் உள்ளே பூஞ்சையை வளர்க்கும் என்பதால், கேமராவைத் தோல் பையில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டது என்று பொருள். மிதமான சூட்டில் நீலம் திரும்பும் வரை உலர்த்தி, ஆறிய பின் மீண்டும் டப்பாவில் போட்டு மூடலாம்.